ஒன்றரை அணா இட்லியும் காரில் மாட்டிய தட்டும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு இப்போது 84 வயது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் பழைய ஹோட்டல்களைப் பற்றித்தான் பேச்சு. அதையெல்லாம் எழுதி, எங்கள் பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த உணவகங்களைப் பற்றி ஒரு சிறிய தொகுப்பு கொண்டுவரலாம் என்று ஆறு மாதமாக முயல்கிறேன். தெருப் பெரியவர்கள் பன்னிரண்டு பேரிடம் கேட்டாகிவிட்டது. கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். “சின்ன வயசில் டிராமில் போய் இறங்கி உட்லண்ட்ஸில் சாப்பிடுவோம். இட்லி ஒன்றரை அணா. காருக்கே தட்டைக் கொண்டுவந்து மாட்டுவான்” என்கிறார் அப்பா. பக்கத்து வீட்டு மாமா அது கதீட்ரல் சாலை என்கிறார். எதிர்வீட்டுப் பெரியவர் ராயப்பேட்டைதான் என்று அடித்துச் சொல்கிறார். இணையத்திலோ ஆளுக்கொரு வருஷம். யாரை நம்புவது?

இன்னொன்று அந்த ஹோட்டல் சாம்பார். வீட்டில் எத்தனை முறை வைத்தாலும் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு “இது அது இல்லை” என்கிறார். அது வெறும் ஏக்கமா, நிஜமாகவே ருசி வேறா? இப்படிப்பட்ட நினைவுகளைத் தொகுப்பதால் பயன் உண்டா என்றுகூடச் சில நாள் தோன்றிவிடுகிறது.

அன்புடன்,
ஆர்.
திருவல்லிக்கேணி

அன்புள்ள ஆர்.,

பயன் உண்டு. விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் குழப்பமே அதற்குச் சான்று. அப்பா தவறாகச் சொல்லவில்லை. இரண்டு உணவகங்களை ஒரே மூச்சில் சொல்கிறார். அவற்றைப் பிரித்துவிட்டால் இரண்டும் உண்மை.

சென்னையில் டிராம் 1953-இல் நின்றுபோனது. காரில் தட்டு மாட்டிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962-இல்தான் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே ஒன்பது ஆண்டு. ஆகவே டிராமில் இறங்கிச் சாப்பிட்ட இடம் டிரைவ்-இன்னாக இருக்க வழியில்லை. உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த கே. கிருஷ்ணா ராவ் 1920-களின் பிற்பகுதியில் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸை நடத்தினார். 1938-இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் மாளிகையை வாடகைக்குப் பிடித்து உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார். உட்லண்ட்ஸ் என்பது அந்த மாளிகையின் பெயர். 1952-இல் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் வந்தது. பத்து ஆண்டு கழித்துக் கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன். ஒரே பெயர், மூன்று இடங்கள், மூன்று காலங்கள். டிராம் ஓடிய நாளில் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் இருந்திருக்காது. அவர் சொல்வது பெரும்பாலும் ராயப்பேட்டை. இல்லையென்றால் புதிதாகத் திறந்த நியூ உட்லண்ட்ஸ். தட்டு மாட்டிய நினைவு அவர் இருபதைத் தாண்டிய பிறகு வந்தது. எதிர்வீட்டுப் பெரியவர், பக்கத்து வீட்டு மாமா இருவர் சொன்னதும் சரிதான்.

நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது. சுவையையும் முகங்களையும் காப்பாற்றி வைக்கும், வருஷத்தைக் கைவிட்டுவிடும். அதனால் பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்காதீர்கள். அவர்கள் மரியாதைக்காக ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுவார்கள், அது உங்கள் தொகுப்பில் உண்மையாகக் குடியேறிவிடும். அதற்குப் பதிலாக, போகும் வழியில் என்னென்ன இருந்தன என்று கேளுங்கள். டிராம் இருந்ததா? மவுண்ட் ரோட்டில் எல்ஐசி கட்டடம் எழுந்துவிட்டதா? அது 1959. ஜெமினி மேம்பாலம் இருந்ததா? அது 1973. தெருவை என்ன பெயரால் சொல்கிறார் என்பதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பைகிராப்ட்ஸ் ரோடு பாரதி சாலை ஆனது, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆனது, மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது. ஆனால் பெயரை மட்டும் வைத்து ஆண்டைக் கணிக்காதீர்கள். அண்ணா மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்பும் பாதி ஊர் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்கிறது.

விலை நல்ல சாட்சி, ஆனால் ஒரு கண்ணி உண்டு. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்கு வந்தது. அதற்கு முன் பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா. “அணா என்று சொன்னாரா, அப்படியானால் 1957-க்கு முன்” என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நாலணாவும் எட்டணாவும் 25 பைசாவுக்கும் 50 பைசாவுக்கும் சரியாகப் பொருந்தியதால் அந்தச் சொற்கள் பல பத்தாண்டு உயிரோடு இருந்தன. 1985-இல் காபி குடித்தவரும் நாலணா, எட்டணா என்றுதான் பேசுவார். ஆனால் ஓரணாவுக்கு 6.25 பைசா, ஒன்றரை அணாவுக்கு 9.375 பைசா. இவை பைசாக் கணக்கில் உட்காராது. அதனால் ஓரணா, ஒன்றரை அணா, காலணா என்ற விலைகள் சீக்கிரம் மறைந்தன. உங்கள் அப்பா சொல்லும் ஒன்றரை அணா உறுதியான சாட்சி. அது டிராமோடு சேர்ந்து நிற்கிறது, தட்டோடு சேராது. “நயா பைசா” என்று ஒருவர் வாய் தவறாமல் சொன்னால் அது பெரும்பாலும் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட நினைவு. 1964-இல் “நயா” நீங்கிவிட்டது.

விலையைக் கேட்கும்போது ஒரு தட்டுக்கு எத்தனை இட்லி என்பதையும் சட்னி, சாம்பார் அதிலேயே அடக்கமா என்பதையும் கேளுங்கள். அது தெரியாமல் இரண்டு ஹோட்டல்களின் விலையை ஒப்பிட முடியாது.

அடுத்தது பெயர்க் குழப்பம். உடுப்பி என்பது ஊர்ப் பெயர். கிருஷ்ணா, விலாஸ், ஆனந்த பவன், கபே, லஞ்ச் ஹோம் எல்லாம் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொண்ட பெயர்கள். ஒரே பெயரில் இரண்டு தெருவில் இரண்டு கடை இருந்தால் அவை ஒரே முதலாளியுடையவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர்ப்பலகையில் இருந்த எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள். நீங்களாகத் திருத்த வேண்டாம். “ஹோட்டல்”, “ஓட்டல்”, “கிளப்”, “மெஸ்” என்பவையும் ஒன்றல்ல. மெஸ்ஸில் மாதச் சாப்பாட்டு டிக்கெட் இருக்கும். எடுப்புச் சாப்பாடு போகும். திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறைகளில் தங்கிய தனியாட்களை நம்பியே பல மெஸ்கள் நடந்தன. ஒரு மெஸ் மூடியதற்குக் காரணம் தேடினால், முதலில் பக்கத்து மேன்ஷன் என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

காகிதச் சாட்சிகளுக்கு வருவோம். பழைய தீபாவளி மலர்கள், சபாக்களின் இசைவிழா மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள் ஆகியவற்றின் கடைசிப் பக்கங்களில் ஹோட்டல் விளம்பரங்கள் நிறைய இருக்கும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூரில் கன்னிமாராவிலும் தேடலாம். அசைலம் பிரஸ் வருடாந்திரப் பஞ்சாங்கம் என்ற ஆங்கில வழிகாட்டி நூலும் பழைய தொலைபேசி விவரப் புத்தகங்களும் உதவும். ஆனால் விளம்பரத்தை முழுதாக நம்பாதீர்கள். “விரைவில் திறக்கப்படும்” என்று போட்டுத் திறக்கவே திறக்காத கிளைகள் உண்டு. ஒருமுறை செய்த அச்சுக் கட்டையையே ஆண்டுதோறும் போட்டுக்கொண்டிருந்ததால், மூடிய கிளையும் விளம்பரத்தில் தொடரும். இரண்டு வெவ்வேறு வகைச் சான்று கிடைக்கும் வரை தொடங்கிய ஆண்டு, மூடிய ஆண்டு என்று எழுத வேண்டாம். “1951-இல் இருந்தது உறுதி, 1968-இல் இருந்தது உறுதி” என்று எழுதுங்கள். படிப்பவருக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் நாளை ஒருவர் 1949-ஆம் ஆண்டு ரசீதைக் கொண்டுவந்தால் உங்கள் குறிப்பு உடையாது, நீளும்.

முகவரியில் கதவு எண்ணை நம்பி ஏமாறாதவர் சென்னையில் இல்லை. பழைய எண், புதிய எண் இரண்டும் ஒரே சுவரில் இருக்கும். சில தெருக்களில் எண்கள் ஒருமுறைக்கு மேல் மாறியிருக்கின்றன. “மசூதிக்கு எதிரே, முனையிலிருந்து மூன்றாவது கட்டடம்” என்று அடையாளத்தோடு எழுதி, கூடவே நகர நில அளவை எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அந்த எண் கிடைத்துவிட்டால் பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். அதில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தெரியும். ஹோட்டலின் பெயர் தெரியாது. மாத வாடகைக்கு இருந்த கடை பத்திரப் பதிவில் வரவே வராது. பலர் இங்கேதான் சோர்ந்துபோய், “ஆதாரம் எதுவும் இல்லை” என்று எழுதிவிடுகிறார்கள்.

வாடகைக்கு இருந்தவர்களின் வரலாறு வேறோர் இடத்தில் இருக்கிறது: நீதிமன்றத் தீர்ப்புகளில். 1960-ஆம் ஆண்டு கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் நடந்த வழக்குகளைப் பாருங்கள். வாடகைதாரர் எந்த ஆண்டு முதல் இருக்கிறார், வாடகை எவ்வளவு, சமையல்கட்டு எந்தப் பக்கம், கட்டடத்துக்கு வயது என்ன என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். இருதரப்பும் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு, நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. தெருப் பெயரோடு “ஹோட்டல்”, “கபே”, “லாட்ஜ்” என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள்.

இந்தச் சட்டத்தைப் பற்றி நாலு வரி அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பழைய உணவகங்கள் நீடித்ததற்கும் மறைந்ததற்கும் பெரிய காரணம் இதுதான் என்பது என் முடிவு. வேண்டுமென்றே வாடகை தராமை, உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் என்று சில காரணங்களுக்காக மட்டுமே வாடகைதாரரை வெளியேற்ற முடிந்தது. அதனால் பழைய வாடகையிலேயே ஹோட்டல் பல பத்தாண்டு ஓடியது, இட்லி விலையும் தாங்கியது. அதே காரணத்தால் கட்டடத்தின் மீது யாரும் பணம் போடவில்லை. வரும் வாடகைக்கு எதற்குப் பூச வேண்டும் என்று உரிமையாளர் இருந்தார். சொந்தமில்லாத சுவருக்கு எதற்குச் செலவு என்று ஹோட்டல்காரர் இருந்தார். கரையான் உத்தரத்துக்கு வந்தது, மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் மாடி ஒழுகியது. கடைசியில் கட்டடம் பழுதானது என்பதே இடித்துக் கட்டும் மனுவுக்கு ஆதாரமாயிற்று. நீங்கள் பார்க்கும் பல “மூடிவிட்டார்கள்” கதைகளுக்குப் பின்னால், இடித்துக் கட்ட வழிவிட்ட 14(1)(b) என்ற பிரிவு இருக்கும். கோயில் கட்டடத்தில் இருந்த கடைகளின் கதை வேறு. அறநிலையக் கட்டடங்களுக்கு 1976 முதல் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இதைக் கவனிக்காமல் எழுதினால் காரணம் பிசகிவிடும். அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டமே 2019 முதல் நடைமுறையில் இல்லை. புதிய வாடகைச் சட்டம் வந்துவிட்டது.

டிரைவ்-இன்னும் நிலத்தால்தான் போனது. கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த நிலம் அது. நிலம் அரசுக்குப் போனது, 2008-இல் உணவகம் மூடப்பட்டது, 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. ருசி கெட்டு மூடிய கடை அல்ல அது. கடைசி நாள் வரை கூட்டம் இருந்தது.

இனி சாம்பார். அப்பா சொல்வது வெறும் ஏக்கம் இல்லை. டிபன் சாம்பாரும் வீட்டுச் சாப்பாட்டுச் சாம்பாரும் வெவ்வேறு பண்டங்கள். வீட்டில் சோற்றில் நிற்க வேண்டும் என்று கெட்டியாக வைக்கிறோம். டிபன் சாம்பார் இட்லிக்குள் இறங்க வேண்டும்.

நான்கு பேருக்கு 75 கிராம் பாசிப்பருப்பு, 75 கிராம் துவரம்பருப்பு போதும். இரண்டையும் மஞ்சளோடு குழைய வேகவைத்து நன்றாகக் கடைந்துவிடுங்கள். வாணலியில் எண்ணெய் விட்டு இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, ஆறு காய்ந்த மிளகாய் மூன்றையும் வறுங்கள். கடலைப்பருப்பு பொன்னிறமான பிறகு கால் தேக்கரண்டி வெந்தயத்தைப் போடுங்கள். வெந்தயத்தை முதலிலேயே போட்டுக் கறுக்கவிட்டால் அந்தக் கசப்பை எந்த வெல்லமும் மறைக்காது. அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலை அந்தச் சூட்டிலேயே புரட்டி, எல்லாவற்றையும் விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து சின்ன வெங்காயம், நூறு கிராம் பரங்கிக்காய், ஒரு தக்காளி. வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, காயோடு சேர்த்து, பாதி எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போகக் கொதிக்க விடுங்கள். பிறகு பருப்பு, விழுது, உப்பு, ஒரு தேக்கரண்டி வெல்லம். கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து ஊற்றுவது நல்லது. தண்ணீர் சேர்த்து மொத்தம் ஒன்றேகால் லிட்டருக்குக் குறையாமல் கொண்டுவாருங்கள். கரண்டியிலிருந்து கோடாக ஒழுக வேண்டும், கட்டியாக விழக் கூடாது.

தவறுவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். பாசிப்பருப்பு ஆற ஆற இறுகும். அரை மணி கழித்துப் பரிமாறினால் வேறு சாம்பார். ஹோட்டலில் அண்டா அடுப்பிலேயே இருக்கும், இறுக இறுக வெந்நீர் விட்டு இளக்கி உப்பைச் சரிபார்ப்பார்கள். வீட்டில் பச்சைத் தண்ணீர் விட்டால் சூடும் போகும், ருசியும் தட்டையாகிவிடும். இரண்டு இட்லிக்குக் குறைந்தது 200 மில்லி ஊற்ற வேண்டும். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் 1948-லிருந்து இட்லி மூழ்கும்படி ஊற்றித் தருகிறார்களே, அந்தத் தாராளம் பகட்டு இல்லை. சாம்பார் அளவாக இருந்தால் இட்லியின் நடு வெள்ளையாகவே நின்றுவிடும். கொப்பரையிலிருந்து எடுத்த உடனே ஊற்றாமல் இட்லியை இரண்டு மூன்று நிமிடம் ஆற விடுங்கள். ஆவி ஈரம் வெளியேறினால்தான் சாம்பாருக்கு இடம் கிடைக்கும்.

இட்லியும் மாறியிருக்கிறது. கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955-இல் மோட்டாரில் ஓடும் மாவரைக்கும் கிரைண்டரைச் செய்வதற்கு முன் எல்லாமே ஆட்டுக்கல். கிரைண்டரிலும் கல்தான் அரைக்கிறது, அதனால் பெரிய கேடில்லை. மிக்ஸியில் அரைத்தால் கத்தி வேகத்தில் உளுந்து சூடாகிப் பொங்கும் திறனை இழக்கும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைப்பது அதனால்தான். தட்டில் ஈரத்துணி விரித்து ஊற்றிய இட்லிக்கும் எண்ணெய் தடவிய குழியில் ஊற்றிய இட்லிக்கும் அடிப்புறம் வேறு. அப்பாவிடம் இட்லியின் அடியில் துணித் தடம் இருந்ததா என்று கேளுங்கள். இருந்தது என்றால் அவர் ருசியில் பாதி அங்கே இருக்கிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டிய பிறகு மோப்பம் குறையும், நாக்கும் மங்கும். பல மருந்துகளும் ருசியை மாற்றும். அதனால் “அது மாதிரி இருக்கிறதா?” என்று அவரைக் கேட்டு நீங்கள் இருவரும் வருத்தப்பட வேண்டாம். இன்னும் தண்ணியாக இருந்ததா, தித்திப்பு இருந்ததா, தேங்காய் வாயில் தட்டுப்பட்டதா என்று பிரித்துக் கேளுங்கள். பதில் வரும்.

காபியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் தொகுப்பில் அது வராமல் இருக்காது. டிகிரி காபி என்ற பெயர், பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரை வைத்துப் பார்த்ததிலிருந்து வந்தது என்பார்கள். முதல் டிகாக்ஷனைச் சொன்ன பெயர் என்பாரும் உண்டு. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைத் தீர்ப்பாக்க வேண்டாம். லாக்டோமீட்டர் நேர்மையான கருவியுமில்லை. தண்ணீர் கலந்தால் அளவு இறங்கும், ஏடெடுத்தால் ஏறும். ஏட்டை எடுத்துவிட்டுத் தண்ணீரும் கலந்தால் நல்ல பால் போலவே காட்டும். இன்று வீட்டில் அந்தக் காபி வராததற்கு முதல் காரணம் பாலின் கொழுப்பு. நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கறந்த எருமைப் பாலில் 6, 7 சதவீதம் இருக்கும். ஆரஞ்சுப் பாலைத் தண்ணீர் விடாமல் ஒருமுறை மட்டும் பொங்கவைத்துக் கலந்து பாருங்கள். மறுபடி மறுபடி சுடவைத்த பாலில் காபி கெட்டுவிடும்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். நீங்கள் கேட்ட பன்னிரண்டு பேரும் அந்த ஹோட்டல்களுக்குள் தடையின்றிப் போய் உட்கார முடிந்தவர்கள்தானா? உங்கள் திருவல்லிக்கேணியிலேயே முரளி கபே இருந்தது. அதன் பலகையில் இருந்த “பிராமணாள்” என்ற சொல்லை நீக்கச் சொல்லி 1957-இல் பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் தொடங்கியது. தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள், மாதக்கணக்கில் நடந்தது, கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து நீங்கியது. பொது உணவகத்தில் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 1950-இலேயே சொல்லிவிட்டது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் வந்தது. ஆனாலும் பலகை அப்படியே தொங்கியது. அதற்கு முன் ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேயே பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. 1941-இல்தான் அது ஒழிந்தது. ஒன்றரை அணா இட்லியின் காலமும் இதுவேதான். அந்த இட்லியின் மணத்தை எழுதும் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள், பின்னிணைப்பில் ஒதுக்காதீர்கள்.

ஆகவே இன்னும் சிலரைத் தேடிப் பிடியுங்கள். தெருவில் நின்று வெளியே வாங்கிக் குடித்தவர்கள். மசூதிப் பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் பிரியாணிக் கடைகளிலும் உட்கார்ந்தவர்கள். மவுண்ட் ரோட்டில் 1951-இல் தொடங்கிய புஹாரியை “பெரியவர்கள் போகும் இடம்” என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள். சப்ளையராகவும் மேசை துடைக்கும் பையனாகவும் சின்ன வயதிலேயே வந்து சேர்ந்து, கடை மூடிய பின் அங்கேயே பெஞ்சில் படுத்துத் தூங்கியவர்கள். சமையல்கட்டை நடத்திய சரக்கு மாஸ்டர் யாராவது உயிரோடு இருந்தால் அவர்தான் உங்கள் முதல் சாட்சி. ஒரு படி உளுந்துக்கு எத்தனை இட்லி என்பதை முதலாளி அறியமாட்டார், அவர் அறிவார். பிறகு உங்கள் வீட்டுப் பெண்கள். அவர்களில் பலருக்கு ஹோட்டல் என்பது பார்சல். இலை என்ன இலை, மேலே என்ன காகிதம், என்ன நூல், சாம்பார் எதில் வந்தது என்று கேளுங்கள். “ஃபேமிலி ரூம்” என்று தட்டி வைத்து மறைத்த இடத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கடையின் இன்னொரு பாதி தெரியாது. உங்கள் அப்பாவுக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் கடை முழுதாகும்.

ஒவ்வொரு பேச்சையும் போனில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல்தான் பாதிப் பதிவுகளைக் கெடுக்கிறது. தொடக்கத்திலேயே தேதி, பேசுபவரின் வயது, எந்த ஆண்டு முதல் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். வெளியிட அனுமதியையும் பதிவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இருவரை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். குரல் பெரியவரின் நினைவே மற்றவரின் நினைவாகிவிடும். தனித்தனியாகக் கேட்டபின் மூன்றாம் முறை சேர்த்து உட்காரவைத்தால் நல்ல சண்டை வரும். அதில் புதிய விவரம் கிடைக்கும்.

கடைசியாக ரசீதுகள். 1950-இல் அச்சகத்தில் அடித்த ரசீதுகூடத் தாங்கும். நேற்றுவரை இருந்த கடைகளின் கணினி ரசீதுதான் முதலில் அழியும், ஏனென்றால் அது வெப்பத்தில் கறுக்கும் தாள். சில ஆண்டுகளில் வெறும் வெள்ளையாகிவிடும். லேமினேட் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும். இன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். ரசீதில் சரக்கு, சேவை வரி எண் இருந்தால் அது 2017 ஜூலைக்குப் பிந்தியது. மதிப்புக் கூட்டு வரிக்கான டின் எண் என்றால் 2007 ஜனவரிக்குப் பின். தமிழ்நாடு பொது விற்பனை வரி எண் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியது. “மெட்ராஸ்-5” என்று மட்டும் அச்சிட்டிருந்தால் 1972-இல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வருவதற்கு முன் அடித்த தாளாக இருக்கலாம். பழைய தாளைத் தீரும்வரை பயன்படுத்தும் வழக்கம் இருந்ததால் அதையே முடிவாகக் கொள்ள முடியாது.

அப்பாவிடம் இந்த வாரமே மறுபடி உட்காருங்கள். ருசியைப் பற்றிக் கேட்க வேண்டாம். உள்ளே நுழைந்ததும் கல்லா எந்தப் பக்கம், கை கழுவும் தொட்டி எங்கே, மேசையில் என்ன கல், சாப்பிட்டு எழுந்ததும் சப்ளையர் தொகையைக் கல்லாவுக்குக் குரல் கொடுத்துச் சொன்னாரா, இல்லை சீட்டு எழுதித் தந்தாரா என்று மட்டும் கேளுங்கள். ஒரு தாளைக் கொடுத்துக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ராயப்பேட்டை மாளிகையா, எட்வர்ட் எலியட்ஸ் ரோடா என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். வரைந்ததை எனக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்